ஒரு வருஷமும் ஒன்பது நாளும்

விடிவதற்கு முன்னால் எங்கள் கம்பெனியில் கேட்கிற முதல் சத்தம் என்னுடைய மண்வெட்டியின் சத்தம்தான். நொறுக்கும் எந்திரம் கக்குகிற ஐஸை அள்ளித் தள்ளுவண்டியில் நிரப்பி, உரிப்புக் கூடத்துக்குள் தள்ளிக்கொண்டு போய், நீளமான எவர்சில்வர் மேசைகளில் குவிந்து கிடக்கும் இறால்மேல் கொட்டுவேன். மேசைகளின் இரு பக்கமும் அறுபத்திரண்டு பெண்கள் நிற்பார்கள். நான் கொட்டி முடித்ததும் நூற்றிருபத்து நான்கு கைகள் அந்த ஐஸுக்குள் இறங்கும்.

தலையைக் கிள்ள வேண்டும். ஓட்டை உருவ வேண்டும். முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை இழுத்தெறிந்துவிட்டுத் தட்டில் போட வேண்டும். ஒரு இறாலுக்கு இரண்டு மூச்சு நேரம். கையுறை போட்டால் நரம்பு பிடிபடாது, தட்டு குறையும், சூப்பர்வைசர் வாய் திறப்பார். அதனால் வெறுங்கைதான். இறாலின் தலையில் ஊசி போல் ஒரு கொம்பு உண்டு. அது குத்துவது வேலை நேரத்தில் தெரியாது, விரல் மரத்துக் கிடக்கும். வீட்டுக்குப் போய்க் குழம்பு ஊற்றிச் சோற்றைப் பிசையும்போதுதான் எந்தெந்த விரலில் குத்தியிருக்கிறது என்று உறைக்கும்.

அந்தக் கைகளுக்கு ஐஸ் போடுகிறவன் நான். அந்தக் கைகளுக்காகப் போராடும் சங்கத்தின் செயலாளரும் நான். பெயர் பவுல்தங்கம். இரண்டு வேலையில் ஐஸ் போடுகிற வேலையைத்தான் ஒழுங்காகச் செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் இழுக்கிறேன்.

நாங்கள் கேட்டது வெந்நீர். மணிக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் கையை முக்கி எடுக்க ஒரு வெந்நீர்த் தொட்டி. முதலாளி குணசிங், "இது இறால் கம்பெனியா, குத்தால ஓட்டலா?" என்று கேட்டார். மதுரைக்குப் போய் உயர்நீதிமன்றக் கிளையில் வழக்குப் போட்டோம். வக்கீல் மெகர்பானு நின்று வாதாடினார். நீதிபதி, பெண்களின் கைகளைப் படம் எடுத்த தாள்களைப் புரட்டிவிட்டுக் கம்பெனி வக்கீலை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையிலேயே கம்பெனி இறங்கி வந்தது. எட்டு வாரத்தில் தொட்டி கட்டி, மணிக்கு ஐந்து நிமிடம் விடுகிறோம் என்று நீதிமன்றத்துக்கு உறுதிமொழி எழுதிக் கொடுத்தார்கள். அதைப் பதிவு செய்து உத்தரவு வந்தது. எட்டு வாரக் கெடு ஏப்ரல் இருபத்தெட்டில் முடிந்தது.

"வைக்கலன்னா உடனே எங்கிட்ட வாங்கண்ணே, அவமதிப்பு வழக்குப் போட்டுரலாம்" என்று வக்கீலம்மா அன்றைக்கே சொன்னார்.

"எல்லாம் தெரியும்மா" என்றேன்.

தெரிந்தது என்னவென்றால், கடிதம் எழுதத் தெரியும். தொழிலாளர் அலுவலகத்துக்கு இருபது வருஷம் நடந்தவன் நான். அங்கே எந்த அதிகாரி கேட்டாலும் முதல் கேள்வி, "கடைசியா எப்ப எழுதினீங்க?" என்பதுதான். புதுக் கடிதம் போட்டிருந்தால் கோப்புக்கு உயிர் உண்டு. போடாவிட்டால் மூட்டை கட்டி மேலே ஏற்றிவிடுவார்கள். ஆகவே கெடு முடிந்ததும் முதலாளிக்கு ஒரு நினைவூட்டல் எழுதினேன். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்ததும் காலம் புதிதாகப் பிறந்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன். அடுத்த மாதம் இன்னொன்று. 'கனிவான கவனத்துக்கு' என்று தொடங்கி 'கடலன்னையின் மடியில் உழைக்கும் எம் சகோதரிகள்' என்று ஏறி இறங்கும் நடை. இவ்வாறு பதினான்கு.

முதலாளியும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு கடிதத்துக்கும் பிறகு என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைப்பார். பீங்கான் கோப்பையில் டீ வரும், ஏலக்காய் போட்ட டீ.

"அண்ணாச்சி, ஒங்க தமிழ வாசிக்கதுக்காகவே நான் பதில் போடாம இருக்கேன் பாத்துக்கிடுங்க. அந்த மடியில் உழைக்கும்னு எழுதுனீயள்ளா, வீட்டுல வாசிச்சுக் காட்டுனேன்."

"அது சும்மா எழுதுனது முதலாளி."

"தொட்டி விஷயம் பரிசீலனையில இருக்கு. ப்ளான் போட ஆள் வரச் சொல்லிருக்கேன். கோர்ட்டுக்குப் போயி நமக்குள்ள ஏன் மனத்தாங்கல்?"

நான் டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்து, பேச்சுவார்த்தை முன்னேற்றம் என்று சங்கத்தில் அறிவிப்பேன். பொய்யில்லை. டீயில் ஏலக்காய் கூடிக்கொண்டுதான் வந்தது.

ஜனவரியில் சகாயவேணியின் வலது கட்டைவிரல் நகம் கழன்று விழுந்தது. மூன்றாவது மேசையில் நிற்கிறவள், கூடத்திலேயே வேகமான கை. கொம்பு குத்திய இடம் வீங்கி, சீழ் வைத்து, ஒருநாள் காலையில் ஐஸுக்குள்ளிருந்து கையை எடுத்தபோது நகம் கையோடு வரவில்லை. அவள் அதை இறாலுக்கு நடுவில் தேடினாள். ஏற்றுமதிச் சரக்கில் நகம் கிடந்தால் சீட்டுக் கிழிந்துவிடும் என்கிற பயம். நான் வண்டியோடு அங்கேதான் நின்றேன். அன்றைக்குச் சாயங்காலம் அந்த மாதத்தின் இரண்டாவதாக, பதினோராவது கடிதத்தை எழுதினேன். அதுவரை எழுதியதில் அதுதான் உருக்கமானது என்று மூன்று பேரிடம் வாசித்துக்கூடக் காட்டினேன்.

மே மாதம் நாலாம் தேதி, பதினைந்தாவது கடிதத்தை நேரிலேயே கொண்டுபோனேன். முதலாளி உட்காரச் சொல்லவில்லை. டீ வரவில்லை.

"வச்சிட்டுப் போங்க" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ப்ளான் போட ஆள் வாறதாச் சொன்னீய..."

"எந்த ஆளு?" என்றார்.

மனிதனுக்கு மூளை செய்ய வேண்டிய வேலையை எனக்கு அன்றைக்கு நாக்கு செய்தது. ஏலக்காய் இல்லாத அந்த வாயோடு வெளியே வந்தபோதுதான் ஏமாந்தது உறைத்தது. மூன்று நாள் தள்ளி விடுப்புப் போட்டுவிட்டு மதுரைக்கு பஸ் ஏறினேன்.

மெகர்பானு ஒப்புகை அட்டைகளை எல்லாம் வரிசையாக அடுக்கிப் பார்த்தார். பிறகு அவற்றை ஒதுக்கிவிட்டு, "கெடு முடிஞ்சது என்னைக்குண்ணே?" என்றார்.

"ஏப்ரல் இருபத்தெட்டு. போன வருஷம்."

"இன்னைக்கு?"

"மே ஏழு."

அவர் விரல்விட்டு எண்ணினார். "அவமதிப்பு நடந்த நாள்ல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள வழக்குப் போட்டிருக்கணும். சட்டத்துல அப்படித்தான் இருக்கு. இப்ப ஒரு வருஷமும் ஒன்பது நாளும் ஆச்சு."

"கடைசிக் கடிதம் இப்பதானேம்மா குடுத்தேன்? இதுக்கு முந்துனது ஏப்ரல்ல."

"கடிதம் நீங்க எழுதினது. அவமதிப்பு அவங்க செஞ்சது. வருஷம் அவங்க செஞ்சதுல இருந்துதான் ஓடும். நீங்க நூறு கடிதம் போட்டாலும் அது நிக்காது."

"கோடை லீவுன்னு..."

"லீவு மே மாசம்ணே. இருபத்தெட்டாம் தேதி கோர்ட் தெறந்துதான் இருந்துச்சு. நானும் இந்த நாற்காலியிலதான் இருந்தேன்."

அவர் குரலை உயர்த்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். உயர்த்தவில்லை.

"இன்னைக்கு வரைக்கும் வைக்கலையேம்மா. ஒவ்வொரு நாளும் புதுசா அவமதிக்காங்கன்னு எடுத்துக்கிட முடியாதா?"

"வாதாடிப் பாக்கலாம். ஆனா இன்ன தேதிக்குள்ள செய்யணும்னு இருந்து செய்யலன்னா, குத்தம் அந்தத் தேதியிலேயே நடந்து முடிஞ்சதுன்னு சொல்லிருவாங்க. எனக்கு அதுல நம்பிக்கை கம்மி. அவங்க வக்கீலுக்கு இந்தத் தேதி நல்லாத் தெரிஞ்சிருக்கும்ணே. டீ கொடுத்து நாள எண்ணிருக்காங்க."

அதற்குப் பிறகும் அவர் ஏதேதோ சொன்னார். உத்தரவு, உறுதிமொழி, வேறு மனு என்று காதில் விழுந்தது. குறித்துக்கொண்டேன். என் கையெழுத்து அன்றைக்கும் அழகாகத்தான் இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் எட்டயபுரம் வருவதற்குள் மூன்று பொய்களைத் தயாரித்தேன். தபால்காரர் தாமதம். வக்கீலம்மா மறந்துவிட்டார். சட்டம் போன மாதம்தான் மாறியது. மூன்றாவது பொய் எனக்கே பிடித்திருந்தது. ஊர் வந்து இறங்கும்போது எதிரில் சகாயவேணி வாயால் முடிச்சை இழுத்துக் கட்டைவிரலுக்குத் துணி சுற்றிக்கொண்டே நடந்து போனாள். "என்ன அண்ணாச்சி, மதுரைக்கா போயிட்டு வாறிய? நல்ல சேதிதான?" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவசரமாக மூத்திரம் முட்டியவனைப் போல ஓடினேன்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி வாசலுக்கு எதிரே வலை காயப்போடுகிற மணலில் எல்லோரும் கூடினார்கள். தயாரித்து வைத்த பொய் மூன்றும் அந்த வெயிலில் நிற்கவில்லை. உள்ளதைச் சொன்னேன். தேதியைச் சொன்னேன். டீயையும் சொன்னேன்.

அறுபத்திரண்டு பேரில் ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை. அவரவர் கையைப் பார்த்தார்கள். எனக்கு நாற்பத்தொன்பது வயது. செருப்படி வாங்கியிருக்கிறேன், போலீஸ் லத்தி வாங்கியிருக்கிறேன். எதுவும் இதற்கு உறை போடக் காணாது.

எங்களில் மூத்தவள் சேர்மக்கனி. அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏ பவுலு, ஏலக்கா டீ குடிச்சியே, ஒரு தடவையாவது எங்க கைக்கி ஒரு செம்பு வெந்நியக் கொண்டாங்கன்னு கேட்டியா?"

"இல்ல மைனி."

"எத்தன டீ?"

"பதினாலு."

"அடப்பாவி. சர்க்கர நோய் வேற ஒனக்கு."

ஒருத்தி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு என்னை இன்னும் கீழே தள்ளியது. சட்டைப்பையிலிருந்து ராத்திரியே எழுதி வைத்திருந்த தாளை எடுத்தேன். "நான் பொறுப்புக்கு லாயக்கில்ல. ராஜினாமா எழுதிட்டு வந்திருக்கேன்."

"இன்னொரு கடிதாசியா?" என்றாள் சேர்மக்கனி. "இத யாருக்குப் பதிவுத் தபால்ல அனுப்பப் போற? உள்ள வையி. தப்புப் பண்ணிட்டு நிழல்ல போயி ஒக்காரலாம்னு பாக்கியோ?"

தாளை உள்ளே வைத்தேன். அப்போதுதான் சகாயவேணி எழுந்தாள். அவள் திட்டியிருந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அண்ணாச்சி, வருஷம் ஓடிட்டுன்னா உத்தரவு செத்துப்போச்சா?"

மதுரையில் குறித்த தாளைத் தேடி எடுத்தேன். முதல் தடவையாக, நான் எழுதியதை நானே ஒழுங்காகப் படித்தேன்.

"சாகல. முதலாளிய அவமதிப்புக்காகக் கூண்டுல ஏத்துற வழிதான் அடைஞ்சிட்டு. உத்தரவு அப்படியே இருக்கு. நிறைவேத்தச் சொல்லி வேற மனு போடலாம்ங்காவ. ஆனா நாள் பிடிக்கும்."

"மணிக்கு அஞ்சு நிமிசம் வெந்நி வைப்போம், கைய முக்க விடுவோம்னு அவுக எழுதிக் குடுத்தது?"

"அதுவும் இருக்கு."

"அப்ப மனுவ நீங்க போடுங்க. இந்தத் தடவ வக்கீலம்மாகிட்ட வாரம் ஒருக்கப் போணும், நாங்க ரெண்டு பேரு கூட வருவோம்." அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "வெந்நி வைக்க முதலாளிக்கித்தான் மனசில்ல. நமக்குமா அடுப்பு மூட்டத் தெரியாது? நாளைக்கி நாமளே வைப்போம். மணி அடிச்சா எறால வச்சிட்டு வருவோம். அஞ்சு நிமிசம். ஆறாவது நிமிசம் மேசையில நிப்போம்."

"கேட்டச் சாத்துனா?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"அறுவத்திரண்டு பேரையும் வெளியில விட்டுச் சாத்துனா, உள்ள இருக்க பத்து டன்னு எறால ஆரு உரிப்பா? சூப்பர்வைசரா? அவரு மொச்சக்காய உரிக்கவே பொண்டாட்டியக் கூப்புடுவாரு."

"பாக்கிங்ல ஒடிசாப் பிள்ளைய இருக்காள்ளா," என்றாள் சேர்மக்கனி. "முப்பது பேரு. அவளுவள எறக்கிருவான்."

அந்தப் பெண்கள் கம்பெனிக்குள்ளேயே விடுதியில் இருக்கிறார்கள். குளிர் அறையில் அட்டைப்பெட்டி அடுக்குகிறார்கள். அவர்களிடம் சங்கத்தைப் பற்றி நான் பேசியதே கிடையாது. மொழி தெரியாது என்று சொல்லிக்கொள்வேன். இரண்டு வருஷம் பக்கத்தில் ஐஸ் தள்ளியும் ஒரு பேரைக்கூடக் கேட்டதில்லை என்பதுதான் விஷயம்.

சம்மதிக்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னேன். அறுபத்திரண்டும் உயர்ந்தன. உச்சி வெயிலில் அந்தக் கைகளை அப்படி மொத்தமாக ஒருநாளும் நான் பார்த்ததில்லை. தோல் உரிந்தும், மடிப்பு மடிப்பாக வெளுத்தும், கறுத்த நகங்களோடும் நின்றன.

கிடாரம் தேவைப்பட்டது. எங்கள் வேதக்கோயிலில் வருஷத்துக்கு ஒருமுறை அசன விருந்து வைக்கும்போது ஊருக்கே சோறு பொங்குகிற கிடாரங்கள் உண்டு. சாவியும் மணியும் பாத்திரமும், கோயில் வேலை பார்க்கும் கோயில்குட்டியார் பொறுப்பில்.

"அசனம் பங்குனியிலல்லா முடிஞ்சிது? எதுக்கு இப்ப?" என்றார்.

சொன்னேன். அவர் மனைவியும் எங்கள் ஐந்தாவது மேசைதான்.

"பெருசா எடுத்துக்கிடுங்க" என்றார்.

மறுநாள் விடிகாலையில் கம்பெனி முற்றத்தில், ஐஸ் இறக்கும் மேட்டுக்குப் பக்கத்தில், மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். கருவேல விறகு. தீ ஊதும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். ஊதத் தெரிந்தவன் என்று சேர்மக்கனி சிபாரிசு செய்தாள். ஐஸைக் கொட்டி முடித்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்ட முதல் காலை. ஆறு மணிக்குச் சகாயவேணி தட்டைக் கவிழ்த்து மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள். பெண்கள் இறாலை ஐஸால் மூடிவிட்டு வரிசையாக வெளியே வந்தார்கள். சூப்பர்வைசர் குறுக்கே கையை நீட்டியபடி நின்றார். யாரும் அவரைத் தள்ளவில்லை. இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போனார்கள். நடுவில் அவர் மட்டும் பஸ்ஸைத் தவறவிட்டவர் போல நின்றார்.

குணசிங்கின் கார் அந்த நேரத்துக்கு வந்தது. யாரோ போன் போட்டிருக்க வேண்டும். லுங்கியோடேயே இறங்கினார்.

"என்ன அண்ணாச்சி இது, கம்பெனியா கல்யாண வீடா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சகாயவேணி சொன்னாள். "கோர்ட்டுல நீங்க எழுதிக் குடுத்ததுதான் முதலாளி. மணிக்கு அஞ்சு நிமிசம்."

"அந்தக் கேஸு காலாவதி ஆயிட்டு. ஒங்க செயலாளருக்குத் தெரியும், கேட்டுக்கோ."

"தெரியும். நேத்து எங்க முன்னாடி சொல்லிட்டாவ. உங்களக் கூண்டுல ஏத்துற நாளுதான் முடிஞ்சிருக்கு. நீங்க குடுத்த வாக்கு முடியல."

"சட்டம் பேசுதியா?"

"ஒரு வருசமாப் பேசாம இருந்தோம். ஒரு நகம் போச்சு."

"வெளியிலருந்து வந்து வேல கேட்டு ஆயிரம் பேரு நிக்கான்."

"வரச் சொல்லுங்க முதலாளி," என்றாள் சேர்மக்கனி. "அவியளுக்கும் சேத்து வெந்நி வச்சிருவோம்."

அவர் என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தினார். "அண்ணாச்சி, நீங்க விவரம் தெரிஞ்சவரு. ரூமுக்கு வாங்க, ஒரு டீ குடிச்சிட்டுப் பேசுவோம்."

என் முகம் சுட்டது. அடுப்புக்கு முன்னால் நின்றதால் அது யாருக்கும் தெரிந்திருக்காது என்று நம்புகிறேன்.

"இங்கயே பேசுங்க முதலாளி," என்றேன். "எனக்கு வெளங்காததெல்லாம் இவியளுக்கு வெளங்கும்."

அவர் சூப்பர்வைசரைப் பார்த்துக் கையை ஆட்டினார். "பாக்கிங் பிள்ளையளக் கூட்டிட்டு வா. மேசையில நிறுத்து."

ஒடிசாப் பெண்கள் முப்பது பேரும் விடுதிப் பக்கமிருந்து வந்தார்கள். தூக்கம் கலையாத முகங்கள். முன்னால் வந்தவள் ஒல்லியானவள். உரிப்புக் கூடத்தின் வாசலுக்கும் கிடாரத்துக்கும் நடுவில் அவள் நின்றாள். எங்கள் பெண்களில் முதல் வரிசை அப்போது கையை முக்கியிருந்தது. ஒருத்தியின் தொண்டையிலிருந்து தன்னை அறியாமல் ஒரு முனகல் வந்தது. மரத்த விரலுக்குள் ரத்தம் திரும்பும்போது வருகிற வலி.

அந்த ஒல்லிப் பெண் அதைக் கேட்டாள். மெல்லிய பாக்கிங் கையுறையை விரல் விரலாகக் கழற்றினாள். உள்ளே இருந்த கை வேறு மாதிரி இல்லை.

"கரம் பானி?" என்றாள், வெந்நீரைக் காட்டி, என்னைப் பார்த்து. பிறகு அவளுக்குத் தெரிந்த தமிழில், "எங்களுக்கும் உண்டா, அண்ணா?"

"உன் பேரு என்னம்மா?" என்றேன்.

"பசந்தி."

சேர்மக்கனி நகர்ந்து இடம் விட்டாள். பசந்தி முழங்கை வரைக்கும் முக்கினாள். அவளுக்குப் பின்னால் வந்தவள் அவளுடைய கையுறையை வாங்கிக்கொண்டு அடுத்து நின்றாள். குணசிங் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார். போலீஸுக்கா, வக்கீலுக்கா, எங்களுக்குத் தெரியாது. கேட்டில் ஒட்டுவதற்காக சூப்பர்வைசர் ஏதோ தட்டச்சு அடித்துக்கொண்டிருக்கிறார் என்று காவலாளி வந்து சொன்னார்.

தொண்ணூற்றிரண்டு பேருக்கு அந்தக் கிடாரம் போதவில்லை. ஒடிசாப் பெண்கள் விடுதியிலிருந்து வாளிகளில் தண்ணீர் தூக்கி வந்து ஊற்றினார்கள். தண்ணீர் ஆறியது. நான் குனிந்து ஊதினேன். புகை கண்ணில் ஏறியது. நல்லதாகப் போயிற்று.

கடைசி ஆளாகச் சகாயவேணி வந்தாள். கட்டைவிரல் துணியை அவிழ்த்துவிட்டுக் கையை உள்ளே விட்டாள். நகம் இருந்த இடத்தில் சிவந்த சதை தண்ணீருக்குள் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். நான் தலையை நிமிர்த்தவில்லை.

ஐந்து நிமிடம் முடிந்தது. அவள் கையை உதறி, முந்தானையில் துடைத்தாள். மற்றவர்கள் ஏற்கெனவே மேசைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி."

"சொல்லு தாயி."

"ஏழு மணிக்கு இன்னுங் கொஞ்சம் சூடா இருக்கணும்."

விறகை உள்ளே தள்ளினேன்.